இரண்டாவது புள்ளி

மூன்றாவது தடவையாக வெள்ளையை அடித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றே முக்கால். ஆறு மணிக்குக் கிரேன் வந்து நிற்கும். அதற்குள் இந்தப் பாய்மரத்தில் சிவப்பாக ஒரு கோடு, முடியளவு போதும், தெரிந்தாக வேண்டும்.

பத்து நிமிடம் போனது. வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

படகுத்துறையில் அவரை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். சின்னச் சுத்தியலும் பூதக்கண்ணாடியும் வைத்துக்கொண்டு பாய்மரங்களைத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்கிற ஆளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? மரம் என்று சொல்வது வாய்ப்பழக்கம்தான். இப்போதெல்லாம் பாய்ப்படகுகளுக்கு அலுமினியக் குழாய்தான் மரம். பக்கத்துக்கு ஒன்றாக அதில் இரண்டு பிடிகளை வெல்டு வைத்திருப்பார்கள். அந்தப் பிடிகளில் மாட்டிய கம்பிகள்தான் மரத்தைச் சாயாமல் நிறுத்துகின்றன. ஒரு பிடி போனால் கம்பி போகும், கம்பி போனால் மரம் போகும், அப்போது கீழே யார் நிற்கிறார்களோ அவர்களும் போவார்கள்.

அதனால்தான் இந்தச் சாயம். வெல்டின் மேல் சிவப்புச் சாயத்தை அடித்து இருபது நிமிடம் ஊறவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால் சாயம் அதற்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். மேலே இருப்பதைத் துடைத்துவிட்டு வெள்ளைப் பொடி ஸ்ப்ரே அடித்தால், பத்து நிமிடத்தில் உள்ளே போனது வெளியே ஊறும், காயத்தில் வைத்த பஞ்சில் ரத்தம் ஊறுகிற மாதிரி. துடைப்பதில்தான் சூட்சுமம். கிளீனரைத் துணியில் அடித்துத்தான் துடைக்க வேண்டும். மரத்தின் மேலேயே பீய்ச்சினால் வெடிப்புக்குள் இருக்கும் சாயமும் கழுவிக்கொண்டு போய்விடும், ஓட்டை மரம்கூட உத்தம மரமாகிவிடும். தொழிலுக்கு வந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

மூன்று தடவையும் துணியில்தான் அடித்தார். மூன்று தடவையும் வெள்ளை. இருபது வயது மரத்தில் நாலு சுருக்கமாவது இருக்கும். தொழிலில் இத்தனை வருடத்தில் சுருக்கமே இல்லாத கிழட்டு மரத்தை அவர் பார்த்ததில்லை.

ஷெட்டின் தகரக் கூரையில் தூறல் விழுந்தும் விழாமலும் மணல் கொட்டுவது போலச் சலசலத்துக்கொண்டிருக்க, பெயின்டும் தின்னரும் ஈரக் கயிறும் கலந்த வாசனைக்கு நடுவே, ஐந்து முக்காலிகளின் மேல் பன்னிரண்டு மீட்டர் நீளத்துக்கு வெள்ளைப் பட்டைகளோடு அது மல்லாந்து படுத்திருந்தது. கடல் பக்கக் கதவு திறந்திருந்ததால் காற்று அதன் வாய்க்குள் புகுந்து, தூக்கத்தில் யாரோ முனகுவது போல அடித்தொண்டையில் ஒலித்துக்கொண்டிருந்தது. முனகலுக்கு இடையில் இன்னொரு சத்தம்.

கட்... கட்... கட்...

பாய் ஏற்றும் கயிறு மரத்துக்குள் ஆடி மோதும் சத்தம். இருபது வருடமாகக் கேட்ட சத்தம்தான். ஆனால் கயிறுகளைக் காலையிலேயே உருவிச் சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டார். மூன்று சுருள். மூன்றும் ஆணியில் இருந்தன.

டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்க் குனிந்து உள்ளே அடித்தார். காலிக் குழாய். மறுமுனையில் வட்டமாக வெளிச்சம். சத்தம் நின்றது. டார்ச்சை அணைத்தார்.

கட்... கட்...

"என்ன டாக்டரே, பேஷன்ட் பிழைப்பாரா மாட்டாரா?"

தூக்கிவாரிப் போட்டது. துறையின் முதலாளி, இரண்டு பீங்கான் கோப்பைகளில் டீயோடு வாசலில் நின்றார். உள்ளே வந்து மரத்தைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்.

"அடேங்கப்பா! பால் மாதிரி இருக்கே. என் சம்சாரம் மூஞ்சில கூட இவ்வளவு பவுடர் நிக்காது."

"இந்த மரம் எங்கேருந்து வந்துச்சு?"

"கல்யாணத்துக்கு மாப்பிள்ளை விசாரிக்கிற மாதிரி கேக்குறீங்களே! மீன் வலைல மாட்டி வந்துச்சாம். பழைய இரும்புக்காரன்கிட்ட கிடந்துச்சு. அடியில ஒடிஞ்சிருந்த ரெண்டு மீட்டரை அறுத்துத் தள்ளிட்டேன். இடது பிடி பிஞ்சு போயிருந்துச்சு, புதுசா வச்சேன். பெயின்ட் அடிச்சேன். உங்க பொண்ணு படகுக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு."

"எந்தப் படகுது?"

"அது கடலுக்குத்தான் தெரியும். ஏன், ஏதாவது கோளாறா?"

ஒரு வாக்கியம். ஒரே ஒரு வாக்கியம் போதும். நாக்கு நுனிவரை வந்தது.

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்" என்றார்.

முதலாளி போன பிறகும் கோப்பையைக் கையிலேயே வைத்திருந்தார். டீ ஆறிப்போனது.

அவருக்கு மத்தியானமே தெரிந்துவிட்டது. வலது பிடிக்குப் பக்கத்தில் பெயின்டைத் துடைத்தபோது கட்டைவிரலில் நெருடியது. எந்த மரத்தைச் சோதிக்க ஆரம்பித்தாலும் பிடிக்குப் பக்கத்தில் ஊசி உளியால் ஒரு புள்ளி வைப்பது அவர் வழக்கம். ஒரு சோதனைக்கு ஒரு புள்ளி. அந்தத் துறையில் அப்படிப் புள்ளி வைக்கிற ஆள் அவர் ஒருவர்தான். இன்று அவர் இன்னும் உளியைத் தொடவே இல்லை, ஆனால் இங்கே அடுத்தடுத்து இரண்டு புள்ளிகள் இருந்தன. ஒரே நாளில் ஒரே மரத்துக்கு இரண்டு புள்ளி வைத்தது வாழ்க்கையில் ஒரே தடவை.

மச்சானின் மரம்.

மனைவியின் தம்பி. போன வருடப் பந்தயத்தில், கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், இடது பக்கக் கம்பி பிய்த்துக்கொண்டு மரம் சாய்ந்தது. உடன் போய்த் தப்பி வந்தவன் விசாரணையில் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. பிய்ந்த கம்பி மச்சானின் இடது காதுக்குக் கீழே ஆரம்பித்துத் தோள்பட்டைவரைக்கும், ஒரே கோடாக அடித்ததாம். சத்தம்கூட வரவில்லையாம். கயிறுகள் சுற்றி மரமும் அவனும் சேர்ந்தே இறங்கினார்களாம். மரம் கிடைக்கவில்லை. அவனும் கிடைக்கவில்லை. விசாரணைக் குழு காகிதங்களைப் புரட்டிப் பார்த்து, பரிசோதகர் மேல் குற்றமில்லை என்று எழுதியது. ஒரு தடவை பார்த்தால் போதும் என்கிற இடத்தில் இரண்டு தடவை பார்த்த மனிதர் என்று ஒரு பாராட்டு வரியையும் சேர்த்தது.

இப்போது மரம் மட்டும் வந்திருக்கிறது. புதுப் பெயின்டோடு. அவர் மகளுக்கு.

போன் அடித்தது. மனைவி.

"பாத்துட்டீங்களா?"

"பாத்துக்கிட்டே இருக்கேன்."

"ரெண்டு தடவை பாருங்க. அவனுக்குப் பாத்த மாதிரி."

அவர் கண் அந்த இரண்டு புள்ளிகளின் மேல் போனது.

"என்ன, லைன்ல இருக்கீங்களா? அவ ஒத்தக் கால்ல நிக்கிறா. மாமா முடிக்காததை நான் முடிக்கிறேங்குறா. நீங்க கையெழுத்துப் போட்ட மரம்னாதான் அவளை அனுப்புவேன், சொல்லிட்டேன்."

"சரி."

"உங்க கை பட்டிருக்குன்னாதான் எனக்குத் தூக்கம் வரும்."

போனை வைத்துவிட்டுக் கோப்பையைப் பார்த்தார். வெள்ளைப் பொடி படிந்த அவருடைய விரல்கள் கோப்பையின் மேல் அச்சு விட்டிருந்தன. அந்த அச்சின் நடுவில், விளிம்பிலிருந்து கீழ்நோக்கி, முடியளவு ஒரு சிவப்புக் கோடு.

சாயம் கையில் ஒட்டியிருக்கும் என்று நினைத்தார். கையைத் திருப்பிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. கோடு மெல்ல நீண்டது. அடிவரைக்கும் வந்தது. நின்றது.

மேஜைமேல் வைக்கப் போனார். வைக்கவில்லை. அதற்குள் கோப்பை அந்தக் கோட்டின் வழியே, கத்தியால் வெட்டினாற்போல, இரண்டாகப் பிளந்து கையில் நின்றது. ஆறிய டீ முழங்கைவரை வழிந்தது.

டீயில் உப்பு வாடை அடித்தது.

மரத்தைத் தவிர மற்றதெல்லாம் பேசுகிறது என்று ஒரு நினைப்பு வந்தது. அதைத் தலையை ஆட்டி உதறினார். தானாக வராவிட்டால் வரவைக்க வேண்டியதுதான். இரும்பு அறுக்கும் வாளை எடுத்தார். வலது பிடியின் வெல்டில் வைத்து இழுத்தார். நாலு இழுப்பு. அலுமினியத் தூள் மினுமினுத்துக் கொட்டியது. நகத்தை வைத்துப் பார்த்தார், நகம் மாட்டியது. போதும். அடுத்த தடவை இதில் சாயம் நிற்கும். சிவப்பு வரும். மரம் ஆகாது என்று எழுதிவிடலாம். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

சாயம் அடித்தார். இருபது நிமிடம். துணியில் கிளீனர். துடைத்தார். வெள்ளை. பத்து நிமிடம்.

கூரையில் தூறல் நின்றுவிட்டிருந்தது. முனகலும் நின்றுவிட்டது. கட்... கட்... என்பது மட்டும், கடிகார முள்ளோடு சேர்ந்துகொண்டு.

வெள்ளை.

குனிந்து துடைத்தார். நகத்தை வைத்தார். நகம் வழுக்கிக்கொண்டு போனது. வெட்டு இல்லை. கீழே தரையில் தூள் இருக்கிறது. மேலே வெட்டு இல்லை.

அரத்தை எடுத்தார். புள்ளிகளையாவது அழித்துவிட வேண்டும். அழித்துவிட்டால், இந்த மரம் வேண்டாம் என்று தைரியமாகச் சொல்லலாம், வேறு பரிசோதகர் வந்து பார்த்தாலும் பயமில்லை. ராவினார். கை வலிக்க வலிக்க ராவினார். பெயின்ட் போனது. உலோகம் பளிச்சென்று பள்ளமாகியது. பள்ளத்தின் அடியில் இரண்டு புள்ளிகள், இன்று காலைதான் வைத்தாற்போல.

போட்ட வெட்டு நிற்கவில்லை. வைத்த புள்ளி போகவில்லை.

"அப்பா!"

மகள். மழைக்கோட்டும் முழங்கால்வரை பூட்சுமாக ஓடிவந்தாள். மாமன் சாடை அப்படியே. சிரித்தால் இடது கன்னம் மட்டும் குழியும்.

"என்னப்பா, அரத்தை வச்சு என்ன பண்றீங்க? புது பெயின்ட்! முதலாளி பாத்தா அழுதுருவாரு."

"இந்த வருஷம் போகாம இருந்தா என்ன?"

அவள் சிரிப்பு நின்றது. "வெடிப்பு இருக்கா?"

"இல்ல."

"பிடி ஆடுதா?"

"இல்ல."

"அப்புறம்?"

"மனசு சரியில்லம்மா."

"மனசுக்கெல்லாம் சாயம் அடிச்சுப் பாக்க முடியுமாப்பா?" அவர் தோளில் இடித்தாள். "காரணம் சொல்லுங்க. ஒரே ஒரு காரணம். நான் இப்பவே பூட்ஸைக் கழட்டிட்டு வீட்டுக்கு வரேன். சத்தியமா."

சத்தியமாகத்தான் சொன்னாள். கண்ணில் தெரிந்தது. அவர் அந்தப் பள்ளத்தின் மேல் துணியைப் போட்டு மூடினார். மாமா மரம் என்று சொன்னால் எப்படித் தெரியும் என்பாள். புள்ளியைக் காட்ட வேண்டும். ஏன் இரண்டு என்பாள். விசாரணைக் குழு கேட்காததை இவள் கேட்பாள். இவள் கேட்டால் இவள் அம்மாவும் கேட்பாள்.

"எத்தனை தடவை பாத்தீங்க?"

"நாலு."

"நாலா! மாமாவுக்கே ரெண்டுதான்." அவர் கன்னத்தைக் கிள்ளிவிட்டு ஓடினாள்.

இடது பிடி புதுசு, என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். வெள்ளை வெள்ளைதான். ஒரு சோதனைக்கு நாலு சோதனை. இதற்கு மேல் என்ன வேண்டும்? முதலாளி நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். பேனா நடுங்கவில்லை. அதுதான் அவருக்கே பயமாக இருந்தது.

கிரேன் மரத்தைத் தூக்கியது. சாம்பல் வானத்தில் அது மெல்லச் சுழன்று, நிமிர்ந்து, படகின் நடுவில் இறங்கியது. அதன் அடிவாயிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் கொட்டியது. "மழைத் தண்ணி!" என்று கிரேன்காரர் மேலிருந்து கத்தினார். மூன்று நாளாக மரம் ஷெட்டுக்குள் படுத்திருந்தது.

கம்பிகளைப் பூட்டி முடிப்பதற்குள் இருட்டத் தொடங்கியது. கடல் ஏறியிருக்கும்போதுதான் துறையின் நீர்க்கதவைத் திறப்பார்கள். இரவு வெளியே நங்கூரம் போட்டு, விடிந்ததும் பந்தயம். அவர் கடைசியாக ஒருமுறை படகில் ஏறி, மரத்தின் அடியில் மண்டியிட்டு, யாருக்கும் தெரியாமல் வெள்ளை டப்பாவை அழுத்தினார். காற்றில் பாதிப் பொடி அவர் கையிலேயே படிந்தது.

"அப்பா, இறங்குங்க. கதவு திறக்கப் போறாங்க."

அவர் எழுந்தார். அவள் அவருடைய வலது கையைப் பிடித்துத் தன் கழுத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். சின்ன வயதில் ஜுரம் வந்தால் அப்படித்தான் செய்வாள். "அம்மாகிட்ட சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு நான் வந்துருவேன்."

கையை எடுத்தபோது அவள் கழுத்தில் வெள்ளையாக அச்சு விழுந்திருந்தது. நாலு விரல் பிடரியில். கட்டைவிரல் இடது காதுக்குக் கீழே.

துடைக்கக் கை நீட்டினார். அதற்குள் அவள் திரும்பிவிட்டாள். யாரோ கயிற்றை அவிழ்த்தார்கள். அவர் கரையில் நின்றார்.

படகு நீர்க்கதவுக்கு முன்னால் போய் நின்றது. விளக்குக் கம்பத்துக்கு நேர் கீழே. அவர் துறையின் முனைக்கு ஓடினார். பத்தடி தூரம். சுக்கான் பிடியைப் பிடித்துக்கொண்டு முதுகு காட்டி நின்றாள். வெள்ளை அச்சு விளக்கில் பளிச்சென்று தெரிந்தது.

கை தானாகக் கடிகாரத்தைத் திருப்பியது.

ஏழு நிமிடம்.

எட்டு.

மேலே மரத்துக்குள். கட்... கட்... கட்...

ஒன்பது.

இல்லை. ஒன்றும் இல்லை. தோலில் என்ன வெடிப்பு வரும். கோப்பை கோப்பை. தோல் தோல்.

பத்து.

காதுக்குக் கீழே ஒரு சிவப்புப் புள்ளி வந்தது.

"நிறுத்து!"

எஞ்சின் சத்தம். அவள் திரும்பிப் பார்த்துக் காதில் கை வைத்தாள். "என்னப்பா?"

"மரம்! அந்த மரம்!"

"மரத்துக்கு என்ன? நீங்கதானே பாத்தீங்க?" சிரித்தாள். இடது கன்னம் குழிந்தது. மாமனைப் போலவே இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினாள். "மாமாவுக்கே ரெண்டு தடவைதான்!"

இரண்டு தடவை.

போன வருடம், முதல் புள்ளி வைத்துவிட்டு அடித்த வெள்ளையில், இடது பிடியின் வெல்டில், சரியாகப் பத்தாவது நிமிடம், அரைவிரல் நீளத்துக்கு ஒரு சிவப்புக் கோடு வந்தது. வெளியே கிரேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. மச்சான் வாசலில் வந்து நின்று, "ஆச்சா அத்தான்?" என்றான். மூன்று வருடம் இந்தப் பந்தயத்துக்காகவே உழைத்தவன். முடியளவு வெடிப்புதானே, ஒரு நாள் தாங்காதா என்று நினைத்தார். "ஒரு நிமிஷம்டா" என்றார். அவன் போனதும் கிளீனர் டப்பாவை எடுத்து, துணியில் அல்ல, மரத்தின் மேலேயே நேராகப் பீய்ச்சினார். சிவப்பு கரைந்து தரையில் சொட்டி முடிகிறவரைக்கும் பீய்ச்சினார். இரண்டாவது புள்ளியை வைத்தார். மறுபடி வெள்ளை அடித்தார்.

பால் மாதிரி இருந்தது.

அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். நீர்க்கதவு திறந்தது. தண்ணீர் இரைந்த இரைச்சலில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

படகு நகர்ந்தது. அவள் கையை ஆட்டிக்கொண்டே போனாள். தலைக்கு மேல் மரம் அசையாமல் நின்றது, புதுசாக, பளபளவென்று. விளக்கு வெளிச்சத்தைத் தாண்டுகிறவரைக்கும் அந்த வெள்ளை அச்சு தெரிந்தது. அதன் நடுவில், காதுக்குக் கீழே ஆரம்பித்து, தோள்பட்டையைப் பார்த்து, அவசரமே இல்லாமல், கோடு இறங்கிக்கொண்டிருந்தது.